'ஆ' பிரிவுப் பிள்ளைகளுக்கு



கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பேத்தி நேற்று எனக்கே வாத்தியாராகி 'டி சோதனை' பாடம் நடத்தினாள். இரண்டு குழுக்களின் சராசரி வேறுபட்டால், அது நிஜமான வித்தியாசமா, தற்செயலா என்று பார்க்கும் கணக்கு. கண்டுபிடித்தவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை. பார்லி சோதனையில் நாலைந்து அளவுகள்தான் கையில் இருக்கும். அதை வைத்தே முடிவு சொல்லியாக வேண்டும். சொந்தப் பெயரில் எழுத ஆலை விதி இடம் தரவில்லை. 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்று போட்டு வெளியிட்டார். மாணவர்! எனக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

பிறகு என் பழைய மார்க் நோட்டைத் தேடி எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை. 'அ' பிரிவு சராசரி 62, 'ஆ' பிரிவு 57. பிரிவுக்கு 18 பேர்தான். அந்த ஐந்து மார்க்குக்காக 'ஆ' பிரிவு முழுவதையும் எழுந்து நிற்க வைத்து, "சோம்பேறிக் கூட்டம்" என்றவன் நான்.

பேத்தி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பிரிவிலுமே மார்க் 20 முதல் 95 வரை சிதறிக் கிடந்தது.

"தாத்தா, இதை வெச்சு எந்தப் பிரிவு மட்டம்னு சொல்லவே முடியாது."

அந்தப் பிரிவில் இருந்த சிலர் இதைப் படிப்பீர்கள். அன்று நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்கப்பா.