காங்கயத்துப் பொலிகாளை

ஈரோட்டிலிருந்து காங்கயம் நோக்கித் தெற்கே சென்றோம். கிளுவை வேலி சூழ்ந்த ஒரு கொறங்காட்டில், கருஞ்சாம்பல் நிறமும் நிமிர்ந்த திமிலுமாக ஒரு பொலிகாளை நின்றது. பார்த்தவுடன் மெய்ம்மறந்தோம்.

"இதற்கு என்ன குறை?" என்றோம்.

காளைக்குரிய பெரியவர் நகைத்தார். "திமிலைப் பார்த்தாப் போதுங்களா? போன மாசம் காய்ச்சலிலே கிடந்ததுங்க. பசுக்களோடே விடுமுன்னே டாக்டர் பார்க்கட்டுமுங்க."

கால்நடை டாக்டர் குளம்பு, கண், பல் யாவும் பார்த்தார். விதைப்பையை நாடாவால் அளந்தார். கன்று வீச்சு நோய் உண்டா என்றறிய இரத்தம் எடுத்தார். விந்தை நுண்ணோக்கியில் நோக்கினார். அணுக்களின் ஓட்டம் மந்தமாயிருந்தது. காளையின் விந்தணு உருவாகச் சுமார் 60 நாட்கள் ஆகுமாம். ஆதலால் காய்ச்சல் தணிந்து உடல் தேறிய பின்னரும் அதன் தீங்கு உள்ளே மறைந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றார்.

சினைப்படாத பசு சுமார் 21 நாட்களில் மீண்டும் பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறை தவறும்போதும் குடியானவன் வீட்டில் பாலும் கன்றும் தள்ளிப் போகின்றன. குற்றம் காளையினுடையது, மலடு என்று பெயர் கேட்டுச் சந்தைக்குப் போவதோ பசு!

அவ்வேளையில் அயலூரார் ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் காளையைத் தனியே கட்டிவிட்டு, "வேறே காளை பாருங்க தம்பி, இது இப்போ ஆகாதுங்க" என்று கூலி வாங்காமல் திருப்பி அனுப்பினார். திமிலைக் காட்டிலும் அந்தச் சொல்லே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றிற்று.