சங்குக்குள் ஒரு குடித்தனம்

பெஸன்ட் நகர்க் கடற்கரையில் ஜனங்கள் கூடும் இடத்தை விட்டு வடக்கே நடந்தால், அடையாற்று முகத்துவாரத்துக்கு முன்பாக ஊரூர் ஒல்காட் குப்பம் வந்துவிடும். காலையில் போகவேண்டும். படகுகள் கரையேறியதும், விலைபோகும் மீனையும் நண்டையும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை மணலில் உதறிவிடுவார்கள். என் போன்ற உபாத்தியாயனுக்கு அந்த மிச்சந்தான் பொக்கிஷம்.

சென்ற மாதம் என் பெண்ணுடன் போனபோது, அதில் ஒரு சங்கு கிடந்தது. உள்ளே துறவி நண்டு. முதுகில் சதைக் குமிழ் போலச் சுருங்கிய கடற்சாமந்தி. "தொடாதீங்க சார், அரிக்கும்" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர். அவரே அதைக் கடல்நீர் வாளியில் போட்டார். சற்று நேரத்தில் பூ விரிந்தது!

பெயர்தான் துறவி, ஆசையெல்லாம் வீட்டின்மேல். அதன் பின்னுடலுக்கு ஓடு கிடையாது. ஆகவே செத்த நத்தையின் கூட்டில் குடியிருக்கிறது. சாமந்தியின் கொட்டும் விரல்களுக்குப் பயந்து பேய்க்கணவாய் அண்டாது. சாமந்திக்கோ இலவசச் சவாரி, நண்டு சிந்தும் இரை. உடல் பெருத்து வேறு சங்குக்குக் குடிபோகையில், நண்டு சாமந்தியைத் தட்டித் தடவும். அது பிடியைத் தளர்த்தியதும் தூக்கிப் புது வீட்டின்மேல் வைத்துக்கொள்ளும். நம்மவர் துளசி மாடத்தைக்கூட இத்தனை பத்திரமாகக் கொண்டுபோவதில்லை.

வகுப்பில் இதைப் பல வருஷம் சிநேகம் என்றே சொல்லிவந்தேன். பலமுள்ள நண்டு எளிய நண்டின் சாமந்தியைப் பறித்துக்கொள்வதும் உண்டு என்று படித்தபின், அந்தச் சொல்லைத் தயங்கித்தான் உச்சரிக்கிறேன்.

சங்கே வேண்டாத நண்டும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்து, பின்னர் எழும்பூர் மியூசியத்தின் தலைவரான ஹெண்டர்ஸன், 'சாலஞ்சர்' கப்பல் சேகரித்த நண்டுகளை ஆராய்ந்து 1888-இல் அதை வர்ணித்தார். ஆழ்கடலில் வாழும் அது, உயிருள்ள சாமந்தியையே கம்பளி போல இழுத்துப் போர்த்துக்கொள்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு துறவி தங்கியதுண்டு. முன்பு என் பெண் பொறுக்கிவந்த சங்கு, அலமாரியில் வைத்த மூன்றாம் நாள் நாறியது. உள்ளே நண்டு செத்துக் கிடந்தது. அவள் அன்று சாப்பிடவில்லை.

பெரியவர் இடுப்பளவு நீரில் இறங்கி வாளியைக் கவிழ்த்தார். அவர் திரும்புமுன் என் பெண் மடியிலிருந்த சங்குகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். எல்லாம் காலி.

"காலிதானே அப்பா, எடுத்துக்கொள்ளலாமா?"

"யாராவது வீடு தேடி வருவார்களே."

அவள் யோசித்தாள். பிறகு, ஓட்டை விழுந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அலையில் போட்டாள்.