எங்கள் வீட்டு மோட்டார்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களை உலகத்தார் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். புது வண்டிக்காரரைக் கண்டால் பொறாமைப்படுகிறார்கள். பழைய வண்டிக்காரரைக் கண்டால் ஆலோசனை சொல்கிறார்கள். இருபத்து நான்கு வருஷ காலமாக எங்கள் குடும்பம் பெற்றிருக்கும் ஆலோசனைகளையெல்லாம் காசாக மாற்ற முடியுமானால், இந்நேரம் ஒரு புது வண்டியே வாங்கியிருக்கலாம்.

எங்களுடையது மாருதி 800. 1996-ம் வருஷம் பதிவானது. 2002-ல் என் தந்தையார் அதை 95,000 ரூபாய்க்கு இரண்டாம் கையாக வாங்கிப் பாலக்கோட்டுக்கு ஓட்டி வந்தார். அவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். சேமநல நிதியிலிருந்து கடன் எடுத்து, மீதிக்கு அம்மாவின் வளையல்களைக் கேட்டார் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. வண்டி வந்த அன்று தெருவே கூடி நின்றது. அம்மா ஆரத்தி சுற்றினாள். எதிர் வீட்டுப் பாட்டி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இதுக்கு எத்தனை மாட்டு பலம்?" என்று விசாரித்தார். நாற்பது குதிரைக்குக் கொஞ்சம் குறைச்சல் என்றார் அப்பா. "குதிரையை நான் கண்டேனா? மாட்டுக் கணக்கிலே சொல்லுங்க" என்றார் பாட்டி. அந்தக் கணக்கு இன்று வரையில் தீர்ந்தபாடில்லை.

இந்த வண்டிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. நம் நாட்டில் வெகு காலம் வரையில் மோட்டார் என்றால் அம்பாஸடர் அல்லது பியட். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதலாவது மாருதியின் சாவியை அதை வாங்கியவரிடம் கொடுத்தார். விலை ஏறக்குறைய 50,000 ரூபாய். ஜப்பான் தேசத்து ஸுஸுகி கம்பெனியாரின் சிறு வண்டி ஒன்றுதான் அதற்கு மூலம். மூன்று சிலிண்டர், 796 ஸி.ஸி. எஞ்சின், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். பார்ப்பதற்குப் பொம்மை மாதிரி இருந்தது. ஆனாலும் குமாஸ்தாவும் உபாத்தியாயரும் மோட்டாரைப் பற்றிக் கனவு காணலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது, இந்த ஜாதி வண்டிகள் 25 லட்சத்துக்கு மேல் விற்றுப் போயிருந்தன.

எங்கள் வண்டி எங்களுக்காக ஓடியதைவிட ஊருக்காக ஓடியது அதிகம் என்று அம்மா சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ம் வருஷம் செப்டம்பரில். அதற்கு முன்னால் எங்கள் தெருவில் நள்ளிரவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்குப் பிரசவ வேதனை கண்டாலும், முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவியைத் தேடுவார். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். 2006-ல் ஒரு குழந்தை அவ்வளவு தூரம் பொறுத்திருக்கச் சம்மதிக்காமல் பின் ஸீட்டிலேயே பிறந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தெருவில் என்னைக் கண்டால் முதலில் வண்டியின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் என் சௌக்கியத்துக்கு வருவாள்.

பெருமை இவ்வளவு போதும். இனி என் பாவத்தைச் சொல்லுகிறேன்.

அப்பா ஓட்டிய காலத்தில் வண்டிக்கென்று ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருந்தார். எத்தனை லிட்டர் பெட்ரோல், எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினது, எந்த டயருக்கு எத்தனை பஞ்சர் எல்லாம் அதில் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீரைப் பார்ப்பார். அது வெறும் தண்ணீர் அல்ல. மெக்கானிக் பாய் தயார் செய்து கொடுக்கும் பச்சை நிறக் கூலண்ட். 2019-ல் கண்ணில் புரை நீக்கிய பிறகு அப்பா சாவியை என்னிடம் கொடுத்தார். நோட்டுப் புஸ்தகத்தையும் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டேன், புஸ்தகத்தை அலமாரியில் வைத்தேன். தண்ணீர் குறைந்தபோதெல்லாம், கூலண்டாவது ஒன்றாவது என்று எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே சொம்பால் ஊற்றி வந்தேன்.

தர்மபுரி ஜில்லாத் தண்ணீரின் பிரதாபம் நேயர்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். இங்கே நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் பல்லில் கறை ஏற்றியது. பெரியவர்களின் எலும்பையும் பதம் பார்த்தது. ஒகேனக்கல்லிலிருந்து காவேரி ஜலத்தைக் குழாயில் கொண்டு வரும் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்ததே இதற்காகத்தான். பல்லைக் கெடுப்பது ஃப்ளோரைடு. ரேடியேட்டரைக் கெடுப்பது சுண்ணாம்பு உப்பு. இரண்டும் வெவ்வேறு. எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டுமே தாராளம். தண்ணீர் சூடேறச் சூடேற இந்தச் சுண்ணாம்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து, சமையலறை வெந்நீர்ப் பாத்திரத்தில் கட்டுவது போல ஏடு கட்டிக்கொள்ளும். பிறகு எஞ்சினின் சூட்டை வெளியே தள்ள வழி ஏது? குடிப்பதற்குக் காவேரித் தண்ணீரும் வண்டிக்குக் கிணற்றுத் தண்ணீரும் என்று நான் பிரித்துக் கொடுத்தேன். கஞ்சத்தனம் என்று அதைச் சொல்ல முடியாது. கூலண்ட் ஒன்றும் பெரிய விலையில்லை. சுத்தமான சோம்பேறித்தனம்.

2023 மே மாதத்தில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் மனைவியும் இரண்டு குழந்தைகளும். தொப்பூர்க் கணவாயில் சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஏற்றம். எதிர்ப் பக்கத்தில் தர்மபுரியிலிருந்து லாரிகள் இறங்கும். பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரிகளால் அந்த இடத்துக்கு இருக்கும் கெட்ட பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஏற்றத்தில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன். வெள்ளை வெளேரென்று ஆவி. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுமேயில்லை. சும்மா நின்றிருக்க வேண்டும். அதைவிட்டுத் துணியை மடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். "அண்ணே, திறக்காதீங்க!" என்று பின்னால் நிறுத்தியிருந்த லாரி டிரைவர் கத்தியது காதில் விழுந்தபோது கொதி நீர் முழங்கை வரையில் தெறித்துவிட்டது.

அந்தப் புண்ணியவான் தம் கேனிலிருந்த தண்ணீரைக் கையில் ஊற்றி, குழந்தைகளைச் சாலையை விட்டு அப்பால் உட்கார வைத்து, இழுவை வண்டிக்கும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. குழந்தைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் இறங்குகிற லாரிகளுக்கும் எத்தனை அடி இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பாய் எஞ்சினைப் பிரித்தார். சூடு தாங்காமல் அலுமினியத் தலைப்பகுதி கோணிக்கொண்டு, கேஸ்கெட் எரிந்து போயிருந்தது. லேத் பட்டறையில் தேய்த்துச் சமன் செய்து, ரேடியேட்டரையும் மாற்றினார். 14,000 ரூபாய். ரேடியேட்டரின் பழைய குழாய் ஒன்றை அறுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே வெள்ளையாக, கடுகு நுழையவும் இடமில்லாமல் அடைத்திருந்தது. "சார், வாத்தியார் ஓட்டின வரைக்கும் இந்த எஞ்சினை நான் திறந்ததே இல்லை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவோ அதுகூடச் சொல்லவில்லை. என் கைக்கட்டைப் பார்த்தார். அலமாரிக்குப் போய் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

அன்று முதல் எழுதி வருகிறேன். உதிரிப் பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. இதே 796 ஸி.ஸி. எஞ்சின் ஆம்னி வண்டியிலும் இருந்தது. அது 2019 வரையில் விற்பனையாயிற்று. இங்கே கிடைக்காததைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்கிறார் பாய். பெட்ரோலில் 20 சதவீதம் எதனால் கலக்க ஆரம்பித்த பிறகு, பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்காது என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். தரைத் தகட்டில் துரு. மிதியடியைத் தூக்கினால் ஓரிடத்தில் சாலை தெரிந்தது. தகடு வைத்து ஒட்டினோம். அதியமான் ஔவைக்குக் கொடுத்தானே நெல்லிக்கனி, அது இந்தத் தகடூர்ச் சீமையில் மோட்டாருக்கும் கிடைக்குமானால் ஒரு கூடை வாங்கி வைப்பேன்.

இந்த 2026-ம் வருஷம் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தவணை வந்தது. 2021-ல் அதற்கு 600 ரூபாய் கட்டினோம். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் வந்து, அறுநூற்றுச் சொச்சம் கிலோ எடைக்கு 25,000 தருவதாகச் சொன்னார். கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் கூட்டிப் பார்த்தால் எந்தக் குமாஸ்தாவும் ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

என் மனைவி கணக்கைப் பற்றிப் பேசவில்லை. "ஏங்க, இதிலே காத்துப் பை இல்லை, ஒண்ணும் இல்லை. தொப்பூரிலே நான் பட்டது போதும்" என்றாள். அவள் சொன்னது முற்றும் நியாயம். 2019 ஜூலையிலிருந்து எந்தப் புதுக் காரிலும் ஓட்டுகிறவருக்காவது காற்றுப்பை கட்டாயம். எங்கள் வண்டியின் கதவு எனக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு மரியாதைக்காக இருக்கிறது. பழைய வண்டியின் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஒரு வாரம் வீட்டில் விவாதம் நடந்தது. அப்பா அதில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் தினமும் காலையில் அவர் ஊன்றுகோலோடு போய், வண்டியைத் துடைத்துவிட்டு, முன் ஸீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவருக்கு வயது எண்பது.

கடைசியில் என் மனைவியே உடன்படிக்கை எழுதினாள். வண்டி தர்மபுரியைத் தாண்டக் கூடாது; இருட்டிய பிறகு எடுக்கக் கூடாது; ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது; சேலத்துக்குப் பஸ். நான் சம்மதித்தேன்.

பரிசோதனைக்குப் போன அன்று அப்பாவும் வருவேன் என்றார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் தேறின. சேஸிஸ் எண்ணைப் பார்க்க வந்த அதிகாரிக்கு எண் தெரியவில்லை. துருவும் தூசியும் மூடியிருந்தன. நான் விழித்தேன். அப்பா தம் ஜிப்பாப் பையிலிருந்து எண்ணெய்த் துணி ஒன்றை எடுத்து, குனிய முடியாமல் குனிந்து, நிதானமாகத் துடைத்தார். எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதிகாரி எண்ணைச் சரி பார்த்துவிட்டு, "ஐயாதான் வெச்சிருக்கீங்களா, ஆரம்பத்திலிருந்து?" என்று கேட்டார். "இருபத்து நாலு வருஷமா" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. என் கை தன்னையறியாமல் பின்வாங்கியது.

"ஆறட்டும். அப்புறம் தண்ணி பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். நானும் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.