கோடையில் ஒரு சீமைப் படிப்பு

தைப் பொங்கல் கழிந்து, சம்பா நெல் களத்துக்கு வந்து சேரும் நாட்களில், தஞ்சாவூர்ப் பக்கத்தில் மூன்று விதமான துண்டுப் பிரசுரங்கள் வீடு தேடி வருகின்றன. ஒன்று நகைக் கடையினுடையது. இன்னொன்று உழவு யந்திரம் விற்பவர்களுடையது. மூன்றாவது, சில வருஷங்களாகப் புதிதாய்ச் சேர்ந்துகொண்டது. வழவழப்பான காகிதம், பச்சைப் புல்வெளி, அதன்மேல் பல நிறத்துப் பிள்ளைகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கோடையில் உங்கள் குழந்தை இங்கிலாந்தில் இங்கிலீஷ் பேசட்டும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. கையில் பணம் புரளும் மாதம் எது என்பதை நகைக் கடைக்காரரைப் போலவே இவர்களும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அதில் 'கோடை' என்று கண்டிருப்பது யாருடைய கோடை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நமக்குக் கோடை என்றால் சித்திரையும் வைகாசியும். சீமைக் கோடைப் பள்ளிகளோ பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடப்பவை. நம் பள்ளிக்கூடங்கள் ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடுகின்றன. ஜூன் 12ஆந் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணையைத் தாண்டி வந்துவிட்டால், குறுவை நடவுக்கு ஆள் தேடி ஊரே அலையும். நம் பிள்ளை அங்கே 'கோடை விடுமுறை'யை அனுபவிக்கும் சமயத்தில், இங்கே அவன் வகுப்பில் காலாண்டுப் பரீட்சைக்கு உரிய பாடங்கள் பாதி நடந்திருக்கும். இதைப் பிரசுரத்தில் போடுவதில்லை.

அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? நான் விசாரித்த வரையில் திட்டம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலையில் மூன்று மணி நேரம் பாடம். வாரத்துக்குப் பதினைந்து மணி. வகுப்புக்குச் சுமார் பதினைந்து பேர். மத்தியானம் விளையாட்டு, நாடகம், ஊர் சுற்றுதல். சனிக்கிழமை லண்டனுக்கோ ஆக்ஸ்போர்டுக்கோ ஒரு யாத்திரை. படுக்கை, விடுமுறையில் காலியாய்க் கிடக்கும் கலாசாலை விடுதிகளில். அல்லது ஒரு குடும்பத்தார் வீட்டில். இரண்டு வாரம் போனால் முப்பது மணி நேரப் பாடம் கிடைக்கும். என் பள்ளிக்கூடத்தில் ஆறு வாரத்தில் அவ்வளவு நேரம் இங்கிலீஷ் வகுப்பு நடந்துவிடுகிறது. மணிக் கணக்கை மட்டும் பார்த்தால், விமானம் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் மணிக் கணக்கு மட்டும் விஷயம் அல்ல. இந்த வியாபாரம் எப்படித் தோன்றியது என்று பார்த்தால் அது விளங்கும். 1965ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் பெர்ட்டில் ஹுல்ட் என்னும் இளைஞர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளைக் கோடையில் இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் ஆங்கிலம் கற்பிப்பதுதான் அதன் வேலை. 'ஐரோப்பிய விடுமுறைப் பள்ளி' என்று பொருள்படும் பெயர் வைத்தார். இன்று உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கும் இ.எஃப். நிறுவனம் அதுதான். ஹுல்ட், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் பிறவியிலேயே தடங்கல் உள்ளவர். பள்ளியில் இங்கிலீஷ் அவருக்கு ஏறவில்லை. லண்டனில் வேலைக்குப் போய், காதால் கேட்டு வாயால் பேசி, அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டார். பாடப் புத்தகத்தால் முடியாததை ஊர் செய்தது என்ற அநுபவந்தான் அவருடைய மூலதனம்.

என் பழைய மாணவி ஒருத்தி, வசதியுள்ள வீட்டுப் பெண், ஒரு கோடையில் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் மூன்று வாரம் இருந்து திரும்பினாள். "என்னம்மா, வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு நன்றாய்ப் பேசினாயா?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கே சார் இருந்தார்கள்? அவர்களுக்கெல்லாம் லீவு. என் வகுப்பில் இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா. எல்லாரும் தப்புத் தப்பாகப் பேசினார்கள். அதனால் நானும் பேசினேன்" என்றாள்.

கல்வி சாஸ்திரத்தில் பெரிய புஸ்தகங்கள் சொல்லாததை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவளுக்கு முன்னமே இங்கிலீஷ் தெரியும். எட்டு வருஷம் படித்திருந்தாள். இலக்கணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள். நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது கூச்சம். தன்னைப் போலவே தடுமாறுகிறவர்கள் நடுவில் அது விட்டுப் போயிற்று. அதற்கு அவள் தகப்பனார் கொடுத்த விலை அதிகமா, நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவரால் முடிந்தது, கொடுத்தார்.

ஆங்கிலேயர் வாயிலிருந்தே ஆங்கிலத்தைக் கேட்டால்தான் வரும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். கோடைப் பள்ளிகள் மிகுந்த மால்ட்டாத் தீவில் ஜனங்களின் தாய்மொழி மால்ட்டீஸ். அரபுக்கு உறவுள்ள பாஷை. ஆங்கிலம் அங்கே இரண்டாவது ஆட்சி மொழிதான். ஐரோப்பியப் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாய் அங்கே போய் இங்கிலீஷ் கற்று வருகிறார்கள். ஒருவரும் குறை சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? தஞ்சைக்கு இங்கிலீஷ் வந்த கதையே அப்படித்தான். சரபோஜி மன்னர் 1777இல் பிறந்தவர். துளஜா மகாராஜா அவரைச் சுவீகாரம் எடுத்து, சுவார்ட்ஸ் பாதிரியாரின் பொறுப்பில் விட்டுக் கண்ணை மூடினார். அரண்மனையில் அமர்சிங்கினால் தொல்லை மிகவே, 1793இல் சரபோஜியைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கெரிக்கே பாதிரியார் அவர் படிப்பைக் கவனித்தார். பாஷைக்காக ஊரை விட்டு அனுப்பப்பட்ட தஞ்சாவூர்ப் பிள்ளைகளில் அவர் மூத்தவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை அதோடு நிற்கவில்லை: சுவார்ட்ஸும் ஜெர்மானியர், கெரிக்கேயும் ஜெர்மானியர்! அவர்களிடம் ஆங்கிலம் படித்த பிள்ளை, 1798இல் சுவார்ட்ஸ் காலமானபோது, குருவின் கல்லறைக் கல்லுக்குத் தாமே ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக் கல்லில் ஒரு நினைவுச் சிற்பமும் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள கோயிலில் இன்றும் அதைப் பார்க்கலாம். மரணப் படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை இளம் ராஜா பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிற்காலத்தில் அதே ராஜா ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தில் பள்ளி வைத்து, ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் போட்டுப் பல பாஷைகளைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். தாம் பெற்றதை உள்ளூருக்குக் கொண்டு வந்தார் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த பாகம்.

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் கதை நம் ஜில்லாவில் எல்லாருக்கும் தெரிந்ததே. 1869இல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, மாயவரத்திலும் சேலத்திலும் உபாத்தியாயராயிருந்து, திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியரானவர். 1919இல் அவர் முதன்முதலாகச் சீமைக்குப் போனபோது ஐம்பது வயது நெருங்கிவிட்டது. அதற்கு முன்பே அவருடைய ஆங்கிலம் முழுமை பெற்றிருந்தது. 'வெள்ளி நாவினர்' என்று வெள்ளைக்காரர்களே அழைத்தார்கள். கும்பகோணம் கல்லூரி அந்த நாளில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர் வாங்கியிருந்தது. அதே கல்லூரியில்தான் ராமானுஜன் இங்கிலீஷ் பரீட்சையில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1914இல் உண்மையான கேம்பிரிட்ஜ் அவரை அழைத்துக்கொண்டது, இங்கிலீஷுக்காக அல்ல.

சாஸ்திரியாரைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, உள்ளூரிலேயே வரும்!" என்று முடித்துவிடுவது சுலபம். அது நியாயம் ஆகாது. ஒரு சாஸ்திரியார் தேறினார். அதே பெஞ்சுகளில் வாயடைத்துப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

அப்படி ஒருவனை எனக்குத் தெரியும். வெண்ணாற்றங்கரைப் பள்ளி ஒன்றில் என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தான். எழுந்து நின்று பாடத்தை வாசிக்கையில், 'ஐலண்ட்' என்ற வார்த்தையை எழுத்திலுள்ளபடியே 'இஸ்லாண்டு' என்று வாசித்துவிட்டான். உபாத்தியாயர்தான் முதலில் சிரித்தார். பிறகு நாற்பது பேரும் சிரித்தோம். பள்ளியை விட்டுப் போகும் வரையில் 'இஸ்லாண்டு' என்பதே அவன் பெயர். எழுத்தில் இருக்கும் 'எஸ்'ஸை உச்சரித்தது குற்றமென்றால், அதை அங்கே எழுதி வைத்தவர்களை அல்லவா முதலில் தண்டிக்க வேண்டும்? இப்போது அவன் அறுவடை யந்திரங்களைப் பழுது பார்க்கிறான். நூறு பக்க இங்கிலீஷ் கையேட்டைப் புரட்டி, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவான். ஆனால் புனேயிலிருந்து கம்பெனிக்காரர் கைப்பேசியில் அழைத்தால், மகனிடம் நீட்டிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விடுகிறான்.

போன வருஷம் மாசி மாதத்தில் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைப் பார்க்க வந்தார். மூன்று ஏக்கர் நஞ்சை. மகன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு. சட்டைப் பையிலிருந்து அந்த வழவழப்பான காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"விமானத்தோடு சேர்த்து நாலரை லட்சம் ஆகும் என்கிறார்கள் சார். வீட்டில் நகை இருக்கிறது. வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். 2025 செப்டம்பரில் கொள்முதல் நிலையத்தில் சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய் என்று இருந்தது. ஏக்கருக்கு இருபத்திரண்டு குவிண்டால் கண்டால் நல்ல மகசூல், ஐம்பத்தையாயிரம் ரூபாய். உழவு, விதை, நடவு, உரம், அறுப்பு எல்லாம் போக அவர் கையில் நிற்பது அதில் ஒரு பகுதி. செலவையே கழிக்காமல் பார்த்தாலும், நாலரை லட்சம் என்பது எட்டு ஏக்கரின் ஒரு போக நெல். அவரிடம் இருப்பதோ மூன்று. இதைச் சொன்னேன். அந்தப் பெண் கண்டு வந்ததையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும் சார். அதனால் வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடிகிறது" என்றார்.

பதில் சொல்லக் கூடிய பேச்சு அல்ல அது. சற்று நேரம் இருவரும் சும்மா இருந்தோம். பிறகு, "பையனைச் சனிக்கிழமை மத்தியானம் அனுப்புங்கள். ஐப்பசி வரைக்கும் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்" என்றேன்.

இதற்கிடையே, அனுப்பத்தான் போகிறோம் என்று தீர்மானித்த பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துப் பள்ளியானால் பிரிட்டிஷ் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பாட நேரம் எவ்வளவு, இரவில் பிள்ளைக்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பிலும் அறையிலும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். தஞ்சாவூரிலிருந்து இருபது பேரை ஒரே கூட்டமாய் அழைத்துப் போனால், ஐயாயிரம் மைல் தாண்டியும் அவர்கள் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். வேறென்ன செய்வார்கள்?

சனிக்கிழமை வகுப்பில் இப்போது பதினொரு பேர். வகுப்பு என்று சொல்வதுகூடப் பிசகு, புத்தகம் கிடையாது. ஒரே ஒரு சட்டம்: பேசுகிறவன் தவறினால் யாரும் சிரிக்கக் கூடாது. வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சிரிக்கலாம். திருத்துவதானால் அவன் பேசி முடித்த பிறகுதான். அதுவும் அவனே கேட்டால்.

திருவையாற்றுப் பையன் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை, முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் தானும் தகப்பனாரும் இரவு இரண்டு மணிக்கு வாய்க்கால் கரையில் காவல் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தான். 'மடை' என்ற இடம் வந்ததும் நின்றான். மற்றவர்கள் காத்திருந்தார்கள். கையால் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டி, தண்ணீருக்கு ஒரு சின்னக் கதவு என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தான். பக்கத்து நிலத்துக்காரர் அந்தக் கதவைத் திருட்டுத்தனமாய்த் திறந்ததும், இவர்கள் விளக்கடித்துப் பிடித்ததும் வரை முழுவதையும் சொன்னான். முடிந்த பிறகு, "மடைக்குச் சரியான வார்த்தை என்ன சார்?" என்று கேட்டான். 'ஸ்லூஸ்' என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "என்னுடையதே நன்றாயிருக்கிறது" என்றான்.

ஐப்பசி வந்து போயிற்று. நகை இன்னும் அவன் தாயார் கழுத்தில்தான் இருக்கிறது. காகிதத்தையும் தகப்பனார் எறிந்துவிடவில்லை. அறுப்பு முடியட்டும், அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்கிறார்.