வீட்டு ஒலிக்கூடத்திற்கு ஒரு மென்பொருள்: சுருவிலிலிருந்து சில சிந்தனைகள்

இசையைப் பற்றி உரையாடும்பொழுது பாடகனைப் பேசுகிறோம், பாட்டைப் பேசுகிறோம், சில வேளைகளில் பண்ணையும் தாளத்தையும் பேசுகிறோம். அப்பாட்டை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்திற்குக் கொண்டுசெல்லும் சாதனத்தைப் பற்றிப் பேசுவது நம்மிடையே குறைவு. ஆயின் சாதனம் எத்தகையதோ அதற்கேற்பவே எஞ்சுவதும் அமைகின்றது. 1960களில் மட்டக்களப்பு, மன்னார் முதலிய பிரதேசங்களின் நாட்டுப் பாடல்கள் தொகுக்கப்பட்டு நூலுருப் பெற்றன. அப்பாடல்களின் சொற்கள் இன்றும் நம் கையில் இருப்பது அம்முயற்சியின் பயனாகும். எனினும் அச்சு சொல்லைக் காத்ததேயன்றி மெட்டைக் காக்கவில்லை. பின்னர் கசெற் வந்தது. 1980களில் யாழ்ப்பாண நகரின் ‘றெக்கோடிங் பார்’களில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துப் பதிவுசெய்து வாங்கினர், கடல் கடந்த உறவினருக்குக் குரற்கடிதங்களும் கசெற்றிலேயே சென்றன. இன்று அப்பணி கணினியிடம் வந்து சேர்ந்துள்ளது. வீட்டின் ஓர் அறையையே ஒலிக்கூடமாக்கலாம் என்னும் நிலை தோன்றியிருக்கிறது. அவ்வறைக்கு எந்த மென்பொருளைத் தேர்வது என்னும் வினா வெறும் வாணிப வினாவாகத் தோன்றினும், அதனுள் பண்பாட்டு வினா ஒன்றும் அடங்கியுள்ளது என்பது என் எண்ணம்.

சுருவில் ஊர்காவற்றுறைப் பிரதேசத்தைச் சேர்ந்த சிற்றூர். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவில் அமைந்தது. 1990ஆம் ஆண்டில் தீவகத்தைத் தாக்கிய போர் அவ்வூர் மக்களைச் சிதறடித்தது. திரும்பி வந்தோர் சிலர்; ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் நிலைத்துவிட்டோர் பலர். ஊரோடு கூடவே பாட்டுகளும் சிதறின. தாலாட்டின் முதற்பகுதியை அறிந்தவர் ஊரிலும் எஞ்சிய பகுதியை அறிந்தவர் கனடாவிலும் இருத்தல் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. எனவே பழைய வீட்டின் ஓர் அறையில் ஒலிக்கூடம் ஒன்றை அமைக்கலாம் என உறவினர் சிலர் கூடித் தீர்மானித்தோம். நோக்கங்கள் இரண்டு. முதியோரின் பாட்டுகளைப் பதிந்து வைத்தல் ஒன்று. ஊர்ப் பிள்ளைகள் தம் சொந்தப் பாட்டுகளை ஆக்க இடமளித்தல் மற்றொன்று. மென்பொருளைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வீட்டு ஒலிக்கூடம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது 1989இல் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் அமைத்த ‘பஞ்சதன் றெக்கோட் இன்’ ஆகும். மூன்றாண்டுகளின் பின் வெளிவந்த ‘ரோஜா’ அக்கூடத்தின் வலிமையை உலகறியச் செய்தது. ஆனால் அன்று அத்தகைய கூடத்தை அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. பல பாதைகளில் ஒலியைப் பதியும் நாடா இயந்திரமும், அவற்றைக் கலக்கும் பெரிய மேசையும், எதிரொலிக் கருவிகளும் தனித்தனியே வாங்கப்பட வேண்டியவை. அவை அனைத்தும் இன்று ஒரே மென்பொருளுள் அடங்கிவிட்டன. ஆகவே கருவி கிடைக்குமா என்பது இன்று வினாவன்று. கிடைக்கும் பலவற்றுள் எது நமக்கு மலிவு என்பதே வினா. மலிவு என்னும் சொல்லையே முதலில் ஆராய வேண்டியிருந்தது.

விலையை நாம் டொலரில் காண்கிறோம், ரூபாயில் கொடுக்கிறோம். 60 டொலர் விலையுள்ள ஒன்று, டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 12,000 ரூபாய். 2022இன் நெருக்கடியில் டொலர் 360 ரூபாயை அண்மித்தபோது அதுவே 21,600 ரூபாய் ஆயிற்று. 300 ரூபாய் என்று கொண்டால் 18,000 ரூபாய். ஒருமுறை செலுத்தித் தீர்ப்பதாயின் இத்தொகையைத் தேடிக்கொள்ளலாம். இன்று பல நிறுவனங்கள் விரும்புவது மாதச் சந்தாவையே. மாதம் 10 டொலர் எனின் சிறு தொகையாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 36,000 ரூபாய். அதற்கு முடிவும் இல்லை. சந்தா நின்றதும் பெரும்பாலான இடங்களில் மென்பொருளும் நின்றுவிடும். அதனுள் செய்துவைத்த வேலையும் பூட்டிய அறைக்குள் அகப்பட்டுவிடும். 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்னும் நிறுவனம் தன் ஒலித்திருத்தக் கருவிகளை இனிச் சந்தாவுக்கே தருவதாக அறிவித்து, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அம்முடிவை மாற்றிக்கொண்டது. எதிர்ப்பு வென்றது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் உரிமை யாருடையது என்பதை அந்நிகழ்ச்சி நன்கு உணர்த்தியது.

இவ்விடத்தில் நண்பர்கள் பலர் கூறும் குறுக்குவழி ஒன்றுண்டு. பூட்டுடைத்த திருட்டுப் பிரதியை வாங்கினால் புரோ டூல்ஸ் முதல் கியூபேஸ் வரை எதையும் இலவசமாகப் பெறலாம் என்பர். அறநோக்கு ஒருபுறமிருக்க, நடைமுறை நோக்கிலும் அது மலிவன்று. பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு எதனை வைத்தான் என்பது நமக்குத் தெரியாது. மீளப் பாடச் சொல்ல முடியாத ஒரு முதியவரின் குரலை அத்தகைய கணினியில் வைத்தல் ஓட்டைப் பெட்டியில் விதைநெல்லை வைப்பதை ஒக்கும்.

நேர்மையான வழியில் இலவசமாகக் கிடைப்பவையும் உள்ளன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடசிற்றி அவற்றுள் முதன்மையானது. அதன் மூலநிரல் எவரும் காணத்தக்கது. பழைய மடிக்கணினியிலும் இயங்கும். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். ஒரு குரலைப் பதிந்து, வெட்டி, தூய்மை செய்வதற்கு அது போதும். பல கருவிகளை அடுக்கிப் பாட்டாக்கும் வேலைக்கு அது போதாது. ஆப்பிள் கணினி உள்ளோர்க்குக் கராஜ்பாண்ட் இலவசம். ஆனால் அக்கணினியின் விலை நம் கூடத்தின் மொத்தச் செலவையும் விழுங்கிவிடும். கேக்வோக்கின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகின்றது. 2017இல் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் அதனைக் கைவிட்டது. 2018இல் பாண்ட்லாப் நிறுவனம் அதனை வாங்கி இலவசமாக வழங்கியது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதியதொன்று வரும் என அறிவித்தது. ஆறாண்டுகளுள் மூன்று நிலை! இலவசமாகப் பெற்றதைப் பழித்தல் தகாது. எனினும் நன்கொடையாளர் மனம் மாறுமிடத்து நம் பதிவுகள் என்னாகும் என்று கேட்பது தகும்.

விலையைக் காட்டிலும் ஆழமான வினா ஒன்றை எனக்குக் கற்பித்தவர், இளமையில் கரைவலை வலித்த முதியவர் ஒருவர். அம்பாப் பாட்டைப் பதிவதற்காக அவரை அழைத்திருந்தோம். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் திறந்தவுடனேயே நிமிடத்திற்கு 120 அடி, பகுதிக்கு நான்கு அடி என ஒரு காலக்கட்டத்தை விரித்துவைப்பன. கூட இருந்த நண்பர் ஹெட்போனை முதியவரின் காதில் மாட்டி, அத்தாள ஒலியையும் ஒலிக்கவிட்டார். பெரியவர் சற்றுக் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார். “தம்பி, இது ஆற்றை வலை? கடல் இழுக்கேக்கை பாட்டு நிக்கும், விடேக்கை ஓடும். இது ஒரே மாதிரியெல்லோ அடிக்குது” என்றார். பின்னர் தாளம் இன்றியே பாடினார். அம்பாவின் காலத்தை நிர்ணயிப்பது வலையின் பாரம். ஒப்பாரியின் காலத்தை நிர்ணயிப்பது மூச்சு. விருத்தத்துக்குத் தாளக்கட்டே இல்லை. கட்டத்துக்குள் குரலை அடைக்கும் கருவி இவற்றைப் பதியாது, திருத்திவிடும்.

சுரத்தின் நிலையும் அத்தகையதே. 1983இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் முறை இசைக்கருவிகளைக் கணினியோடு பேசவைத்தது. அது மகத்தான சாதனையாகும். ஆயின் அது சுரங்களை பியானோவின் கட்டைகளைப்போல 128 எண்களாக எண்ணுகின்றது. ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் இடையே ஊசலாடுவதுதான் நம் கமகம். அந்த அசைவைத் தனியே ‘வளைவு’ எனச் சேர்த்து எழுதலாம். ஒரே வழியில் பல சுரங்கள் ஒலிக்கையில் அவ்வளைவு அனைத்தையும் சேர்த்தே வளைத்துவிடும். 1997இல் அறிமுகமான ஓட்டோ-டியூன் வகைக் கருவிகளோ, பாடுவோரின் குரலை அண்மையிலுள்ள சுரத்திற்கு இழுத்து நிறுத்துவன. திரைப்பாடலுக்கு அது ஓர் அலங்காரம். பிள்ளையை இழந்த தாயொருத்தியின் ஒப்பாரியில் அதனைப் பயன்படுத்தினால் அழுகை ஒழுங்காகிவிடும். ஒழுங்கான அழுகையை யார் கேட்பது?

இவ்வளவையும் சீர்தூக்கிய பின் என் தெரிவு றீப்பர் என்னும் மென்பொருளில் நிலைத்தது. வின்அம்ப்பை ஆக்கிய ஜஸ்ரின் பிராங்கலின் நிறுவனம் அதனை வெளியிடுகின்றது. 60 நாட்கள் எக்குறையுமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டிற்கும், ஆண்டு வருமானம் 20,000 டொலரை மிஞ்சாத தொழிலுக்கும் உரிமத்தின் விலை 60 டொலர். அளவில் மிகச் சிறிதாகையால் தரவிறக்கத்திற்கு வேகமான இணையம் வேண்டா. யுஎஸ்பி கோலொன்றில் வைத்து வேறு கணினியிலும் இயக்கலாம். உரிமம் ஒரு சிறு கோப்பு. ஒவ்வொரு நாளும் இணையத்தில் அனுமதி கேட்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில், மடிக்கணினியின் மின்கலத்தை மட்டும் நம்பி இணையமின்றி இயங்கவல்லது என்பது சிறு தகுதியன்று. காலக்கோட்டை அடிகளால் அன்றி நிமிடங்களாலும் விநாடிகளாலும் அளக்கச் செய்யலாம், தாளக்கட்டத்தை நீக்கிவிடலாம். யாவற்றினும் மேலாக, அதன் வேலைக்கோப்பு சாதாரண எழுத்துக்கோப்பு. மென்பொருளே இல்லாதொழிந்தாலும் எந்தக் குரல் எந்த இடத்தில் தொடங்கியது என்பதை ஒருவர் வாசித்தறியலாம்.

வேலைக்கோப்பு எவ்வாறாயினும், குரலைக் காப்பது ஒலிக்கோப்பே. ஒலிக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா, விநாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிற்று என்பதையேனும் கைக்கொள்ளுமாறு பரிந்துரைக்கின்றது. அவ்வளவில், அமுக்கப்படாத ‘வேவ்’ கோப்பாக, ஒரு குரலை ஒரு மணித்தியாலம் பதிந்தால் ஏறத்தாழ 520 மெகாபைற் இடம் செல்லும். இன்றைய வன்தட்டுகளுக்கு இது பொருட்டன்று. இக்கோப்பை ரொறன்ரோவிலுள்ள பேரன் எந்த மென்பொருளிலும் திறக்கலாம். தன் பாட்டியின் எஞ்சிய அடிகளைப் பதிந்து திருப்பி அனுப்பலாம். 2005இல் தொடங்கப்பட்டு ஈழத்தமிழ் ஆவணங்களைப் பேணிவரும் நூலகம் போன்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கவும் இதுவே தக்கது.

இளையோர் தரப்பிலிருந்து எழுந்த மறுப்பையும் கூறுதல் கடன். “எங்களுக்கு அம்பா வேண்டாம், றாப் வேண்டும்; எஃப்எல் ஸ்டூடியோவே எளிது” என்றனர் சிலர். அவர்கள் கூறியது தவறன்று. துண்டுகளைச் சுழலவிட்டு அடுக்கிப் பாட்டாக்குவோர்க்கு அதுவும் ஏபிள்டன் லைவும் மிகப் பொருத்தமானவை. எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கியோர்க்குப் பிந்திய பதிப்புகள் யாவும் இலவசம். றீப்பரில் உள்ளமைந்த இசைக்கருவிகளும் தாள ஒலிகளும் சொற்பமே. இலவசமானவற்றை வெளியிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டும். அதன் முகமும் கற்போர்க்குச் சற்றுக் கடுமையானது. எனினும் கூடம் ஒன்று, பணம் ஒருமுறைக்கே என்னுமிடத்து, இரு நோக்கங்களுக்கும் உதவுவதைத் தெரிதலே முறை. தாளக்கட்டம் வேண்டுவோர் அதனை இட்டுக்கொள்ளலாம், இல்லாதோர் நீக்கிக்கொள்ளலாம். நீக்கவே இடந்தராத கருவியில் முன்னவர்க்கு மட்டுமே வாழ்வுண்டு.

மென்பொருளிற் சேமித்த பணத்தை அறைக்கும் ஒலிவாங்கிக்கும் செலவிடுகின்றோம். எதிரொலிக்கும் வெறுஞ்சுவரை எந்த மென்பொருளும் மறைக்காது. பழைய பஞ்சு மெத்தைகளும் தடித்த போர்வைகளும் மறைக்கும். ஆயின் காற்றை மறைக்க வழியில்லை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் வீசுங்கால் பனையோலைகளின் இரைச்சல் கதவிடுக்கால் உட்புகும். பின்னர் வாடையோடு மழை வரும். இடையிலுள்ள சில வாரங்களே பதிவுக்கு வாய்ப்பானவை. எங்கள் பட்டியலில் எண்பது வயதைக் கடந்தோர் ஐவர் உள்ளனர். அவ்வாரங்களில் அவர்களையே முதலில் அழைப்பதென முடிவு செய்துள்ளோம்.