பனிமலைச் சிற்றூரில் ஒரு சிறுவன்

பேசாப் படங்களைப் பழங்காலத்து வேடிக்கை என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அவர்கள் 'குழந்தைகளின் முகங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர்கொண்ட படத்தை ஒருமுறை காணுதல் வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்த ழாக் ஃபெய்தேர் அதனை 1923இல் சுவிட்சர்லாந்தின் வாலே மலைப்பகுதியில் படமாக்கினார். 1925இல் அது வெளிவந்தது. திரைச்சீலையில் தீட்டிய மலைகளல்ல அவை. உண்மையான சிற்றூர், உண்மையான பனி.

ஊர்த்தலைவரின் மனைவி இறந்துபோகிறாள். தொடக்கத்திலேயே சவ ஊர்வலம். மகன் ழான் கண்வழியாகவே அதனை நாமும் காண்கிறோம். தங்கையோ சாவு இன்னதென்று விளங்காத சிறுமி. பின்னர்த் தந்தை மறுமணம் செய்துகொள்ள எண்ணுகிறார். மகனை அவன் ஞானத்தந்தையாகிய பாதிரியாரோடு வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார். திருமணச் செய்தியைச் சொல்லும் சுமை பாதிரியார்மேல் விழுகிறது. பின்னால் விளையும் துன்பத்துக்கெல்லாம் வித்து இங்கேதான் என்பது என் எண்ணம். குழந்தைக்குத் தாங்காது என்று நாம் மறைப்பவை பல, உண்மையில் நமக்குச் சொல்லத் துணிவில்லாதவை!

மாற்றாந்தாய் என்றால் கொடியவள் என்றே நம் கதைகள் பழக்கிவிட்டன. இவளோ நல்லவள், தன் மகள் ஆர்லெட்டோடு வந்த கைம்பெண். வெறுக்கத்தக்கவர் எவரும் அவ்வீட்டில் இல்லை. ஆயினும் சிறுவன் வெறுக்கிறான். தாயின் படத்தை நோக்கி நிற்கும் அவன் முகத்தைக் கண்டபின் அவனைக் குற்றஞ்சாட்ட நமக்கு மனம் வருவதில்லை. நடித்தவன் ழான் ஃபொரே, பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் ஃபெய்தேர் கண்டெடுத்த சிறுவன். வகுப்பில் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளைகளை 'அடக்கமானவன்' என்று குறிப்பேட்டில் எழுதி முடித்துவிடும் ஆசிரியர்கள் அம்முகத்தைச் சற்று நேரம் உற்றுநோக்கலாம்.

ஆர்லெட்டின் பொம்மையை அவன் பனிவழியில் எறிந்துவிடுகிறான். அது கிடக்குமிடத்தைக் கூறி இரவில் அவளைத் தூண்டிவிடுகிறான். தேடிச் சென்றவள் வழிதவறி ஒரு சிற்றாலயத்தில் ஒதுங்க, பனிச்சரிவு அதனை மூடுகிறது. ஊரார் விளக்கேந்திச் சென்று அவளை மீட்கின்றனர். அதன்பின் அவனை எவர் தண்டிக்க வேண்டும்? அவனே தன்னைத் தண்டித்துக்கொள்ள முனைகிறான். மலையாற்றை நாடிப் போகிறான். சுழித்தோடும் அந்நீரில் இறங்கி அவனைப் பற்றி இழுப்பவள், அதுவரை அவன் ஏற்க மறுத்த அந்தப் பெண்தான்.