எதுக்க வார வண்டிய எண்ணுல!

வைவாவில் ஒரே கேள்வியில் அவுட் ஆனேன் மக்கா!

"ரெண்டு சுவருக்கு நடுவுல ஒரு துகள் மோதி மோதித் திரும்புது. சுவர்கள் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் நகருது. துகளோட எனர்ஜி என்னாகும்?"

நெருங்கி வர்ற சுவர் வேகத்தைக் கொடுக்கும். விலகிப் போற சுவர் பிடுங்கிக்கும். "மொத்தத்துல மாறாது சார்" என்றேன். "உனக்கெல்லாம் எதுக்குப்பா இன்ஜினீயரிங்?" என்றார். மார்க்கைவிட அதுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட் என்னைக் கிருஷ்ணாபுரத்துக்கு இழுத்துப் போனான். ஜங்ஷனில் டவுன் பஸ், சுலோச்சன முதலியார் பாலத்தில் தாமிரபரணிக்கு ஒரு ஹாய், பாளையில் திருச்செந்தூர் பஸ், ஜன்னல் சீட்! வழியெல்லாம் புலம்பினேன். "எல, அழாத. எதுக்க வார வண்டிய நீ எண்ணு. நம்ம பஸ் முந்துற வண்டிய நான் எண்ணுதேன்" என்றான்.

இறங்கும்போது என் கணக்கு 63. அவனுடையது 9! ரெண்டு பக்கமும் ஒரே அளவு வண்டி ஓடினாலும், எதிரே வருவதைத்தான் அடிக்கடி சந்திப்போம். துகளுக்கும் அதே கதைதான். அது சுவரைவிடப் பல மடங்கு வேகம் என்பதால் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கான மோதலில், சராசரியாக எனர்ஜி ஏறிக்கொண்டே போகும்.

இதை 1949-ல் சொன்னவர் என்ரிகோ ஃபெர்மி. நட்சத்திரங்களுக்கு நடுவே அலையும் காந்த மேகங்கள்தான் சுவர்கள்; அவற்றில் மோதி வேகம் பிடிப்பவைதான் காஸ்மிக் கதிர்கள் என்றார். ஆனால், இந்த வழி ரொம்ப ஸ்லோ. 1970-களின் கடைசியில் ஆய்வாளர்கள், வெடித்த நட்சத்திரங்களின் அதிர்ச்சி அலைகளைக் காட்டினார்கள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நெருங்கி வரும் சுவர்தான்!

கிருஷ்ணாபுரத்தில் எல்லோரும் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்கப் போகிறார்கள். நாங்களும்தான். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது நம்ம நெல்லை. இடி, மழை இல்லாத நாளிலும் வானத்திலிருந்து தரைக்கு மெல்லிய மின்னோட்டம் ஒன்று இறங்குகிறது. அதை இங்கே அளந்திருக்கிறார்கள். காற்றில் அது ஓட முக்கியக் காரணம், காற்றை அயனியாக்கும் அதே காஸ்மிக் கதிர்கள்!

என்னைக் கவிழ்த்த கேள்வியின் பதில், இத்தனை நாளாக என் தலைக்கு மேலேயே மோதிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த செமஸ்டரில் மறுபடியும் வைவா. கேள்வி எதுக்க வரட்டும் சார், மோதிப் பாத்திருவோம்!